கண்ணாடிக்குள் கடல்

தண்ணிக்கடியில் சிரிக்கக் கூடாது.
பாசி எடுக்க வருகிறவளுக்கு
முதல் நாளே சொல்லிவிடுவார்கள்.
சுறாவுக்குப் பயந்து இல்லை,
சாமி குத்தமும் இல்லை.
சிரித்தால் கன்னம் மேலேறும்,
ஏறினால் கண்ணாடியின் ரப்பர் விளிம்பு தூக்கும்,
அந்த மயிரிழைச் சந்து போதும்
மன்னார் வளைகுடா மொத்தமும் உள்ளே வர.

அழுதால் கசியாது.
சோதித்துப் பார்த்திருக்கிறேன்.
உள்ளேயே தேங்கும்.

நூற்றுப்பதினாறு நாளாக
எனக்கு அந்த விதி சுலபமாக இருந்தது.
எல்லை தாண்டினார்கள் என்று
விசைப்படகோடு ஏழு பேரைப் பிடித்துப்போனதிலிருந்து
சின்னப்பாலத்தில் என் பல்லைப் பார்த்தவர் கிடையாது.
பிள்ளைகள் டிவியில் எதற்கோ சிரித்தால்
சத்தத்தைக் குறை என்பேன்.
டிவியைச் சொன்னேனா பிள்ளைகளைச் சொன்னேனா
எனக்கே தெரியாது.
அவர் பங்குச் சோற்றை
நான் எடுத்துத் தின்பதுபோல இருந்தது
சிரிப்பு என்றாலே.

குருசடைத் தீவுக்குத் தெற்கே
ஒன்றரை ஆள் ஆழம். காற்று விழுந்திருந்தது.
பஞ்சவர்ணம் மதினி எனக்கு முன்னால்
மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.
கல்லிடுக்கிலிருந்து ஒரு பேய்க்கணவாய்
கை நீட்டி,
அவள் காலில் கட்டியிருந்த அலுமினியத் தட்டைப் பிடித்தது.
அவள் இழுத்தாள். அது இழுத்தது.
அவள் இழுத்தாள்.
பிறகு மதினி,
தண்ணீர் லாரிக்காரனையே நடுங்கவைக்கும் மதினி,
இடுப்பில் கை வைத்துக்கொண்டு
அதைத் திட்ட ஆரம்பித்தாள்.
அங்கேயே. அடியிலேயே.
ஒரு வார்த்தை கேட்கவில்லை.
அதன் ஆத்தா, அதன் அப்பன், ஏழு தலைமுறை
எல்லாம் குமிழிகளாக
வரிசையில் மேலே போயின.
கணவாய் சிவந்தது. வெளுத்தது.
மறுபடி சிவந்து
மெல்ல, ஒவ்வொரு விரலாக எடுப்பதுபோல,
தட்டை விட்டது.

ரப்பர் தூக்கியது.
கடல் வந்தது.

வத்தை விளிம்பைப் பற்றிக்கொண்டு
இருமினேன், சிரித்தேன், இருமினேன்,
நடுவில் எங்கோ அது அழுகைக்குள் போய்
வேறு வழியாக வெளியே வந்தது.
நான் போட்டிருந்த அவருடைய முழுக்கைச் சட்டை
காற்றடைத்து உப்பி
என்னோடு சேர்ந்து குலுங்கியது.

"ஏன்டி நம்பு, எதுக்கு அழுவுற?"
"அழுவல மதினி. அதுகிட்ட என்ன சொன்ன?"
"கட்டுன புருசனே எங்காலப் பிடிச்சதில்ல,
நீ யார்றான்னு கேட்டேன்."

வத்தை கவிழப் பார்த்தது.
இருளாயிக்கு மூச்சு முட்டி முதுகில் தட்ட வேண்டியிருந்தது.
அன்றைக்கு எல்லார் பையிலும் பாசி குறைவு.

வெள்ளிக்கிழமை போன் வந்தது. மூன்று நிமிடம்.
தாளில் எழுதிவைத்திருந்தேன்:
அடுத்த வாய்தா எப்போது, வக்கீல் வந்தாரா,
முட்டுவலி மாத்திரை, போர்வை.
"எப்படி இருக்க?" என்றார்.
பேய்க்கணவாயைச் சொன்னேன்.

அந்தப் பக்கம் ஒன்றுமில்லை.
லைன் போய்விட்டது என்றே நினைத்தேன்.
பிறகு,
பழைய இன்ஜின் மூன்றாவது இழுப்பில் பிடிப்பதுபோல
திக்கி, நின்று, திக்கி,
பிடித்தது.
பின்னால் வரிசையில் நின்ற யாரோ
என்னண்ணே என்னண்ணே என்கிறார்,
இவருக்குச் சொல்ல வரவில்லை,
என்னவென்று தெரியாமலே அவரும் சிரிக்கிறார்.
எந்தப் பக்கத்துக் கப்பலும்
அதை மறிக்கவில்லை.

மூன்று நிமிடம் முடிந்தது.
தாள் மடித்தபடியே கையில்.
வாய்தாத் தேதி இன்றுவரை தெரியாது,
அதற்காக இரண்டு ராத்திரி என்னையே திட்டிக்கொண்டேன்,
குமிழி இல்லாமல்.

என் கண்ணாடி ரப்பரில் ஒரு கீறல் விழுந்திருக்கிறது.
நூற்றைம்பது ரூபாய்தான், மாத்திருடி என்கிறாள் மதினி.
மாற்றணும்.
அடுத்த வாரம் பார்க்கலாம் என்றேன்.